பம்பைக் கழட்டறதுக்கு முன்னால மூடியைக் கழட்டு மாப்ளே

பம்பை மாத்தப் போறியாமே மாப்ளே. நல்ல ரோசனை. கையில காசு எச்சா இருந்தா ரோசனையும் எச்சாத்தான் வரும். "உங்க மாப்ளை பிக்கப்புக்குப் பம்ப் போயிருச்சாமா"ன்னு பால் ஊத்த வந்தவரு வரைக்கும் என்கிட்ட துக்கம் விசாரிச்சுட்டுப் போறாங்க. எங்க போச்சுன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியலை.

நோவு பாத்த டாக்டருங்க யாரு யாருன்னும் விசாரிச்சுப்போட்டேன். டீக்கடை பெஞ்சை விட்டு எந்திரிக்காமயே "பம்ப்தான்"னு சொன்னவரு, பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டிக்கு மோட்டார் போடறவரு. அவரு வாழ்நாள்ல பாத்த பம்ப் எல்லாம் கெணத்துக்குள்ள இருந்தது. அடுத்தவன் சீட்டுக் காசு வசூலுக்கு வர்ற பையன். பேட்டரி ஸ்கூட்டர்ல வந்து எறங்கி, டீசல் வண்டிக்கு மருந்து எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான். மூணாமவன் உன்ற மச்சான். அவனைப் பத்தி நான் ஒண்ணும் பேசமாட்டேன், பொண்ணு குடுத்த ஊடு.

மூணு பேரும் ஒரே பேரைச் சொன்னதுக்குக் காரணம் இருக்குது. "காப்பர் வாசர் தேஞ்சிருக்கும்"னு சொன்னா அவனுக்கு யாரு டீ வாங்கித் தருவா? "பம்ப் போச்சு"ன்னு சொன்னா எந்திரிச்சு எடம் விடுவாங்க. வண்டியில எது வெலை எச்சோ அதும்மேல பழியைப் போட்டாத்தான் சொன்னவனுக்கு மதிப்பு. செலவு பண்றது எப்படியும் வண்டிக்காரன்தானே.

என்ற கட்சி வேற. டீசல் டேங்கல கிளம்பி நாசில் வரைக்கும் ஒரு வழியில போகுது. நீயும் அதே வழியில, அதே வரிசையில நட. மூடியைப் பாக்கறதுக்குக் காசில்ல. வாசரும் கிளிப்பும் சில்லறைக் காசு. ஃபில்டர் நூறுகள்ல முடியும். பீட் பம்புக்கு அதுக்கு மேல. பெரிய பம்பைக் கழட்டிப் பம்ப் கடைக்குக் கொண்டு போனாத்தான் நகையை எடுத்து வெளியில வெக்கோணும். வழி போகப் போக வெலை ஏறுது, கவனிச்சியா? நீ கடைசி ஊட்டுல ஆரம்பிச்சு முதல் ஊட்டுக்கு வரப் பாக்கறே. தாராளமா வா. உன்ற பொண்டாட்டி காதுல கெடக்கற தோடு கனமாத்தான் இருக்குது, கொறைஞ்சா அவளுக்கும் பாரம் கொறையும்.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன். போயிருச்சு, போயிருச்சுங்கறயே, எந்தப் பம்ப்? முழிக்காதே. உன்ற வண்டியில ரெண்டு இருக்குது. சின்னது பீட் பம்ப். டேங்கல இருந்து டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாத் தள்ளி விடறது அதோட வேலை. பெரிய பம்போட இடுப்புல ஒட்டிக்கிட்டு, தலையில ஒரு குமிழை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். அந்தக் குமிழுதான் கையால அடிக்கற ஹேண்ட் பம்ப். பெரியவரு இன்ஜெக்‌ஷன் பம்ப். வந்து சேர்ந்த டீசலை அளந்து, அழுத்தி, நேரம் பாத்து நாசிலுக்கு அனுப்பறது அவரு. வேற சில வண்டியில உருண்டையா ஒரு பம்ப் இருக்கும். அதுல உறிஞ்சற வேலை பாக்கறதும் உள்ளயே அடக்கம், கையால அடிக்கற குமிழு ஃபில்டர் தலையில இருக்கும். உன்றது வரிசைப் பம்ப். இதையாவது தெரிஞ்சுக்கிட்டுக் கழட்டப் போயிருந்தா மெக்கானிக்கு உன்னையப் பாத்துச் சித்தெ பயந்திருப்பான்.

பெரியவரை மட்டமா எடை போடாதே. ஜெர்மனியில ருடால்ஃப் டீசல் 1897-ல என்ஜினை ஓட்டிக் காட்டினபோது, டீசலை உள்ள ஊதி விடறதுக்குத் தனியா ஒரு காத்துக் கம்ப்ரசர் வெச்சிருந்தாங்க. அதைத் தூக்கிட்டு ஒரு வண்டி ஓடறதுன்னா ஆகற காரியமா? தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் சரி, ரோட்டுக்கு ஆகாது. 1927-ல பாஷ் கம்பெனிக்காரன் இந்தப் பம்பை வரிசையாச் செஞ்சு விக்க ஆரம்பிச்ச பிறகுதான் டீசல் லாரின்னு ஒண்ணு ஊர் ஊராப் பொழைச்சுது. நம்ம நாட்டுல 1951-ல மைக்கோங்கற கம்பெனி வந்துது. 2008-ல அந்தக் கம்பெனி பேரையே பாஷ்னு மாத்திக்கிட்டாங்க. பம்ப் கடைத் திண்ணைக்கு மட்டும் சேதி இன்னும் வந்து சேரலை, அங்க இன்னமும் மைக்கோதான். எனக்கெப்படி இதெல்லாம் தெரியும்னு பாக்கறயா? லாரியில கிளீனராப் போன காலத்துல அந்தத் திண்ணையில காத்துக் கெடந்தே பாதி மசுரு நரைச்சுது. பேப்பர் ஒண்ணுதான் இருக்கும், அதையும் டிரைவர் படிப்பாரு. மத்தபடி கேக்கறதுக்குப் பம்ப் பேச்சுத்தான்.

என்ஜின் நிமிசத்துக்கு 2,000 சுத்து சுத்தினா, அந்தப் பம்ப் நாலு சிலிண்டருக்கும் சேத்து நிமிசத்துக்கு 4,000 தடவை டீசல் அடிக்குது. ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டுக்குப் பக்கம். நேரம் தப்பாம, அளவு தப்பாம. உன்ற ஊட்டுல ஒருத்தருக்காவது அந்தப் பழக்கம் உண்டா? அப்பேர்ப்பட்ட உழைப்பாளி மேல, விசாரிக்காம, டீக்கடைத் தீர்ப்பை வெச்சுப் பழி போட்டிருக்கே.

போச்சாது, விசாரணைக்கு வருவோம். "வண்டி மக்கர் பண்ணுது மாமா"ங்கற சொல்லை மறுக்கா என்கிட்டச் சொல்லாதே. எப்ப மக்கர் பண்ணுதுன்னு சொல்லு. நோவு எதுன்னு நேரங்காலம் சொல்லிப்போடும்.

காத்தால மொத செல்ஃப்ல மட்டும் இழுத்து இழுத்து அழுது, ஒரு தடவை புடிச்ச பிறகு பொழுதுக்கும் தொட்டா ஸ்டார்ட் ஆச்சுன்னா, ராத்திரியில டீசல் பைப்பை விட்டு டேங்குக்கே திரும்பிப் போயிருக்குது. எங்கயோ காத்து நுழையுது, இல்லைன்னா பீட் பம்போட வால்வு புடிச்சு நிறுத்தலை. சமத்துல நல்லா ஓடி, பாரம் ஏத்திட்டு மேடேறினா மட்டும் மூச்சு வாங்குச்சுன்னா, வழி அடைச்சிருக்குது. ஃபில்டரைப் பாரு. நல்லா ஓடிட்டு இருக்கும்போதே நின்னு, சித்தெ நேரம் உக்காந்து எந்திரிச்சா ஒண்ணுமே நடக்காத கணக்கா மறுக்கா ஓடுச்சுன்னா, டேங்கு மூடியையும் டேங்குக்குள்ள கெடக்கற குப்பையையும் சந்தேகப்படு. பச்சைத் தண்ணியாட்டக் குளுந்து கெடக்கறபோது ஸ்டார்ட் ஆகி, சூடானதுக்கப்பறம் நிறுத்தினா மறுக்கா புடிக்கலைன்னா, ஈரத்துணி போத்தி ஆற விட்ட பிறகுதான் புடிக்குதுன்னா, அப்பத்தான் பெரிய பம்ப் பேரை எடுக்கோணும். தேஞ்ச பம்புல, சூட்டுல இளகின டீசல் இடுக்கு வழியாக் கசிஞ்சு போயிரும், அழுத்தம் ஏறாது. துணிதான் சொன்னேன். கொதிக்கற பம்ப் மேல கொடத்தோட தண்ணியைக் கொட்டி வெக்காதே, நீ செய்யற ஆளு.

இந்த நாலுல உன்றது எது? உர மூட்டை ஏத்திட்டுத் தாளவாடிக்குப் போனே. திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவு ஏறும்போது நின்னுது. பீடி ஒண்ணு புடிச்சு முடிச்சே, ஸ்டார்ட் ஆச்சு. நாலு வளைவு போனே, மறுக்கா நின்னுது. மறுக்கா பீடி. மேல போய்ச் சேரும்போது கட்டுத் தீந்துபோச்சு. இதைச் சொன்னது நீயில்ல, உன் பின்னால வந்த பஸ் டிரைவரு. அவரு சொன்ன வார்த்தையை எல்லாம் நான் உன்கிட்டச் சொல்ல முடியாது, உங்கம்மா என்கூடப் பொறந்தவ.

சரி, நடக்க ஆரம்பிப்போம். டேங்குக்குப் போறதுக்கு முன்னால ஓசி வேலை ரெண்டு இருக்குது. ஸ்டாப் குமிழு முழுசா உள்ள போயிருக்குதான்னு பாரு. கேபிள் துருப்புடிச்சுப் பாதியில மாட்டிக்கிட்டா, பம்ப் டீசலை நிறுத்தியே வெச்சிருக்கும். நீ செல்ஃப் அடிச்சு அடிச்சுப் பேட்டரியைக் கொன்னுபோடுவே, அப்பறம் "பேட்டரியும் போச்சு மாமா"ம்பே. செல்ஃப் அடிக்கறதும் ஒரு தடவைக்கு 10, 15 வினாடிக்கு மேல வேண்டாம், நடுவால சித்தெ ஆறட்டும். அடுத்தது, டேங்குல டீசல் இருக்குதா? முள்ளு பாதியில நிக்குதுங்காதே. உன்ற வண்டி முள்ளு நீ வாங்கின நாள்ல இருந்தே பாதியிலதான் நிக்குது. குச்சி விட்டுப் பாரு. சுத்தமான குச்சி.

அப்படியே செல்ஃப் அடிக்கச் சொல்லிப்போட்டுச் சைலன்ஸர் வாயைப் பாரு. வெள்ளையாப் புகை வந்தா டீசல் சிலிண்டர் வரைக்கும் போகுது, எரியலைங்கறதுதான் சங்கதி. புகையே இல்லைன்னா டீசலே வந்து சேரலை. இந்த ஒரு பார்வையில பாதி வழக்கு முடியும். காசு கேக்காத சாட்சிங்கறதால அதை யாரும் கூப்புடறதில்ல.

இப்ப டேங்கு மூடி. டேங்கல இருந்து டீசல் போகப் போக, அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரோணும். அதுக்குத்தான் மூடியில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒண்ணு வெச்சிருக்கான். அதுல சேறு அடைச்சா உள்ள வெற்றிடம் ஆயிரும். பீட் பம்ப் இந்தப் பக்கம் இழுக்கும், டேங்கு அந்தப் பக்கம் இழுத்துப் புடிக்கும். வண்டி நிக்கும். நின்ன நேரத்துல காத்து மெல்லக் கசிஞ்சு உள்ள போகும், வண்டி கிளம்பும். சோதிக்கறதுக்கு இஞ்சினீயரு வேண்டாம். வண்டி நின்ன உடனே மூடியைத் தளத்து. "ஸ்ஸ்"ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா, திருடன் கையும் களவுமா மாட்டினான்.

உன்ற வண்டியில இந்தச் சோதனை செய்ய முடியாதுங்கறது எனக்குத் தெரியும் மாப்ளே. மூடி இருந்தாத்தானே தளத்தறதுக்கு? புளியம்பட்டி பங்க்குல டீசல் போட்டுட்டு மூடியை அங்கயே வெச்சுட்டு வந்தே. புது மூடி வாங்கறதுக்கு மனசு வராம, ஜவுளிக்கடைக் கேரி பையை நாலா மடிச்சு, சைக்கிள் டியூப்பு வெட்டி, காத்துக்கூடப் போகாம இறுக்கிக் கட்டி வெச்சிருக்கே. நேத்துப் பொழுதோட உன்ற வாசல்ல நின்னு பாத்தேன். அந்தப் பை டேங்கு வாய்க்குள்ள குழிஞ்சு இழுத்துக் கெடந்துது. கெட்டிக்காரன்டா நீ. கம்பெனிக்காரன் ஓட்டை வெச்சான், நீ அதை அடைச்சே. இப்பப் பம்பை மாத்தப் போறே.

அந்தப் பையைக் கழட்டி எறிஞ்சுட்டு, நல்ல மூடி ஒண்ணு போட்டு ஓட்டிப் பாரு. அதோட முடிஞ்சுதுன்னா எனக்குச் சந்தோசம். முடியலைன்னாலும் ஆச்சரியமில்ல. பையோட கிழிசல் எத்தனை உள்ள விழுந்துதுன்னு யாருக்குத் தெரியும்? உறிஞ்சற குழாய் வாயில ஒரு துணுக்குப் போய் ஒட்டிக்கிட்டாப் போதும், வண்டி நிக்கும். என்ஜின் நின்னதும் இழுப்பு நிக்கும், துணுக்கு விலகி மிதக்கும், மறுக்கா ஓடும். அடியில வண்டலும் தண்ணியும் எப்படியும் இருக்கும். டீசல் தண்ணியை விட எடை கொறைச்சல், அதனால தண்ணி அடியில போய் உக்காரும். டேங்கு அடித் திருகைத் தளத்திச் சுத்தமான பாத்திரத்துல புடி. உன்ற பாட்டன் காலத்துச் சகதி எல்லாம் வரும். டேங்குல கசிவு இருந்த எடத்துல குளிக்கற சோப்பை அப்பி வெச்சிருக்கயே, அதையும் ஒரு நாள் சரி பண்ணு. மழையில அந்தச் சோப்பு கரையறதுக்கு முன்னால வெல்டிங்காரன்கிட்டப் போ. ஆனா டேங்கைக் கழட்டிக் கழுவிக் காய வெக்காம நெருப்புக் கிட்ட வெச்சிராதே. எனக்கு ஒரே ஒரு மருமகன்.

டேங்கைத் தாண்டிட்டோம். இனி பைப்பு. டேங்கல இருந்து பீட் பம்ப் வரைக்கும் இருக்கற பைப்பு உறிஞ்சற பக்கம். அங்க ஓட்டை விழுந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்து உள்ள போகும். எளநியில போட்ட ஸ்ட்ராவுல மேலாப்பல கீறல் விழுந்தா எப்படி? எத்தனை உறிஞ்சினாலும் வாய்க்குக் காத்துத்தான் வரும், சட்டையில ஒரு சொட்டு விழாது. அதே கதைதான் இதுவும். நீ வண்டிக்கடியில படுத்துப் பாத்துட்டு "எங்கயும் ஒழுகலை மாமா"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னே பாரு, அது குத்தத்தை ஒத்துக்கிட்ட வாக்குமூலம்.

புடிக்கறதுக்கு வழி இருக்குது. பீட் பம்புக்கு முன்னால ஒரு முழம் கண்ணாடி டியூப்பு போட்டுட்டு, என்ஜினை ஓட விட்டுக் கவனி. குமிழி குமிழியா ஓடுச்சுன்னா காத்து நுழையுது. இன்னும் ஒரு வழி: பீட் பம்போட உறிஞ்சற ஓஸைக் கழட்டிட்டு, வேற ஓஸ் மாட்டி, நல்ல டீசல் இருக்கற கேனுக்குள்ள விட்டு ஓட்டிப் பாரு. வண்டி நல்லா ஓடுச்சா, நோவு டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவால. அப்பவும் மக்கரா, நோவு பீட் பம்புல இருந்து அக்கட்ட. ஒரு கேன், ஒரு ஓஸ், வழக்கு ரெண்டாப் பிரிஞ்சுது.

வயசான வண்டியில ஓஸ் ரப்பர் வெடிச்சிருக்கும். கிளிப் இருக்க வேண்டிய எடத்துல கட்டுக்கம்பி இருக்கும். கட்டினது யாருன்னு நான் கேக்கப்போறதில்ல. பைப்பு சேர்ற போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் காப்பர் வாசர் இருக்கும். ஒரு தடவை இறுக்கினா அது நசுங்கி உக்காந்துரும், கழட்டறபோதெல்லாம் புதுசு போடோணும். பழசைத் திருப்பிப் போட்டு, ஸ்பேனருக்குப் பைப்பு சொருகி உயிரைக் குடுத்து இறுக்கறது நம்மூர் வழக்கம். வாசர் மிச்சம், போல்ட்டு மறை போச்சு.

அடுத்தது ஃபில்டர். கடைசியா எப்ப மாத்தினேன்னு கேட்டா, "மாத்தோணும்"னு சொல்றே. நான் கேட்டது வேற. புதுசு போடறபோது ரப்பர் வளையத்தையும் புதுசாப் போடு. பழைய வளையம் தலையிலயே ஒட்டிக்கிட்டு இருக்குதான்னு தடவிப் பாரு, ரெண்டு வளையம் ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்தா அங்கயும் காத்துத்தான். அடித் திருகுல தண்ணியை வடிச்சு விடு. தொடைக்கறதுக்கு வேஸ்ட் நூலை எடுக்காதே, அதோட நாரு உள்ள போச்சுன்னா நீயே ஃபில்டரை அடைச்ச மாதிரி. வெலை கொறைச்சல்னு பேரில்லாத ஃபில்டரை வாங்கறயே, அதுக்குள்ள காகிதம் இருக்குதாங்கறதே சந்தேகம்.

வழியைத் தொறந்தா காத்து நுழையும். அதை வெளிய எடுக்காம வண்டி கிளம்பாது. இந்த ஒரு வேலை தெரியாததால நடுரோட்டுல நின்ன வண்டி எத்தனை! ஃபில்டர் தலையில இருக்கற ஏர் திருகை ரெண்டு சுத்துத் தளத்து. ஹேண்ட் பம்ப் குமிழைத் திருகி மேல எடுத்து அடி. நொரை நொரையா வரும். நொரை நின்னு சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் அடி. டீசல் வந்துட்டே இருக்கும்போதே திருகை மூடு, அடிக்கறதை நிறுத்திட்டு மூடினா காத்து மறுக்கா உள்ள போயிரும். அப்பறம் பெரிய பம்ப் மேல இருக்கற திருகுலயும் இதே வேலை. இன்னும் புடிக்கலைன்னா, நாசில் பக்கத்து நட்டு ஒண்ணு ரெண்டைச் சித்தெ தளத்திச் செல்ஃப் அடி, டீசல் கசிஞ்சதும் இறுக்கு. முடிச்சதும் ஹேண்ட் பம்ப் குமிழைக் கீழ அமுத்தித் திருகி வெச்சுப்போடு. அதை அப்படியே மேல விட்டுட்டு வந்துட்டு, அது வழியாக் காத்து எடுக்குதுன்னு தெரியாம, பம்ப் மேல பழி போட்டவங்க பரம்பரை பெருசு.

ஹேண்ட் பம்பை அடிக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியலையா? நல்ல கேன்ல இருந்து உறிஞ்சக் குடுத்தும் டீசல் ஏறலையா? இப்பச் சின்னவரைச் சந்தேகப்படலாம். பீட் பம்புக்குள்ள ரெண்டு வால்வு, ஒரு ஸ்பிரிங்கு, ஒரு பிஸ்டன். குப்பை மாட்டியிருந்தாக் கழுவினாப் போதும், தேஞ்சிருந்தா ரிப்பேர் கிட்டு கெடைக்குது. என்ஜின் ஆயில் குச்சியையும் எடுத்து மோந்து பாரு. ஆயில் மட்டம் தானா ஏறிட்டு, டீசல் வாசம் அடிச்சுதுன்னா, உள்ளுக்குள்ளயே டீசல் ஆயில்ல கசியுது. "நம்ம வண்டி ஆயிலே குடிக்கறதில்ல மாமா, எச்சாத்தான் ஆகுது"ன்னு போன தை நோம்பியில பெருமை பேசினவன் ஒருத்தன் இருந்தான். பேரு வேண்டாம், பக்கத்துலதான் இருக்கான்.

இத்தனையும் பாத்து, ஒண்ணுலயும் குத்தமில்லைன்னா, இப்பப் பெரியவர்கிட்ட வா. செருப்பைக் கழட்டிட்டு வா. அவருக்குள்ள ஓடற பிளஞ்சருக்கும் அதோட கூட்டுக்கும் நடுவால இருக்கற எடைவெளி மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா அதுல 2, 3 பங்கு. மனுசன் தலைமுடி 50-ல இருந்து 100 பங்கு வரைக்கும் வரும். அந்த இடுக்குல டீசலை நிறுத்தி 200 பாருக்கு மேல அழுத்தறாரு. வேப்பமரத்தடியில, சாக்கை விரிச்சு, புழுதியில ஒக்காந்து அவரைப் பிரிக்கறேன்னு எவனாவது வந்தா அவன்கிட்ட ஸ்பேனரைக் குடுக்காதே, டீயைக் குடுத்து அனுப்பு. அவருக்கு எடம் டெஸ்ட் பெஞ்ச் இருக்கற பம்ப் கடை. நாலு லைனும் ஒரே அளவா அடிக்குதான்னு அங்க கண்ணாடிக் குழாய்ல புடிச்சுக் காட்டுவாங்க. கூடவே நாசிலையும் குடுத்துச் சோதிச்சிரு.

சீல் வெச்ச திருகு ஒண்ணு இருக்கும். "இதை அரைச் சுத்துத் திருகினா வண்டி பறக்கும்"னு உன்ற மச்சான் சொல்லுவான். பறக்கறது கருப்புப் புகை. அதோட டீசலும் என்ஜினும் சேந்து எரியும். இன்னொண்ணு, இதுல மட்டும் எனக்கு விளையாட்டில்ல: நாசில் அடிக்குதான்னு பாக்கறதுக்கு விரலை முன்னால நீட்டாதே. அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் தொளைச்சு உள்ள போயிரும். வெளிய பாத்தா முள்ளுக் குத்தின காயம், உள்ள சதை அழுகும். அப்படி ஆச்சுன்னா மஞ்சள் வெக்காம அப்பவே பெரியாஸ்பத்திரிக்கு ஓடோணும், விரலையே எடுக்க வேண்டி வரும். பெட்ரோல்ல நனைச்ச துணியைக் காத்துக் குழாய்ல காட்டி ஸ்டார்ட் பண்றதும் வேண்டாம். வண்டி ஸ்டார்ட் ஆகும், உன்ற மீசை இருக்காது.

பெரியவரு எதுனால கெட்டாருன்னும் ஒரு வார்த்தை. அவரோட பிளஞ்சருக்குத் தனியா எண்ணெய் ஊத்தி வழவழப்பு ஆக்கறதில்ல, டீசல்தான் அதுக்கு எண்ணெய். அதுல மண்ணெண்ணெயைக் கலந்தா வழவழப்புக் கொறையும், தேய்மானம் எச்சாகும். ரேசன் மண்ணெண்ணெயில நீலச் சாயம் போட்டதே கலப்படம் காட்டிக் குடுக்கட்டும்னுதான். 2020 ஏப்ரல்ல இருந்து பங்க்குல வர்ற டீசல்ல கந்தகம் பத்து லட்சத்துல 10 பங்குக்கு மேல இருக்கக் கூடாது. கந்தகத்தை எடுக்கற வேலையில வழவழப்பும் கொறையுதுன்னு, அதுக்கு மருந்து சேத்துத்தான் அனுப்பறான். நல்ல பங்க்கு டீசல்ல அந்த மருந்து இருக்கும். ராத்திரியில கேன்ல கொண்டு வந்து "லிட்டருக்கு அஞ்சு ரூவா கம்மி"ன்னு காதுல சொல்றானே, அவன் கேன்ல என்ன இருக்கும்னு அவனுக்கே தெரியாது. நீ அவன்கிட்ட மிச்சம் பண்ணின அஞ்சு ரூவாயைப் பம்ப் கடைக்காரரு வட்டியோட வாங்கிக்குவாரு.

வழக்கமா வெச்சுக்க வேண்டியது கொஞ்சம்தான். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது டேங்கு நெறைஞ்சிருந்தா உள்ள ஈரம் வேர்த்துத் தண்ணி சேர்றது கொறையும். டீசல் தீந்து நிக்கற வரைக்கும் ஓட்டாதே, அடி வண்டல் அத்தனையும் உறிஞ்சிக்கும், ஏரும் புடிச்சுக்கும். ஃபில்டர் தண்ணியை அப்பப்ப வடிச்சு விடு. சீட்டுக்கடியில ஒரு டப்பாவுல வாசர், கிளிப், ஒரு முழம் ஓஸ், ஃபில்டர் ஒண்ணு போட்டு வை. இப்ப அங்க இருக்கற சீட்டுக்கட்டை எடுத்துட்டா எடம் தாராளமா இருக்கும்.

ஏன் மாமன் இத்தனை அக்கறையாச் சொல்றான்னு உனக்குள்ள ஒரு சந்தேகம் ஓடுது. ஓடட்டும், எங்க வம்சத்துப் புத்தி உனக்குந்தானே இருக்கும். வர்ற வியாழக்கிழமை புளியம்பட்டி சந்தைக்கு என்ற வெள்ளாட்டுக் கிடா ரெண்டையும் ஏத்தோணும். வேற வண்டி கேட்டேன், வாடகை சொல்றான். உன்னையப் பம்ப் கடைக்கு அனுப்பினா வண்டி வாரக்கணக்கா அங்க கெடக்கும், என்ற கிடா இங்க கெடக்கும். அதனால புதன்கெழமைக்குள்ள மூடியை வாங்கிப் போட்டுரு. வாடகைன்னு வாயைத் தொறக்காதே, வைத்தியச் செலவுல நேர் பண்ணிக்கலாம். டீசலும் உன்றதே இருக்கட்டும். பங்க்குலயே போடு, நடுவழியில நின்னா கிடா பயப்படும்.